குழிக்கு அந்தப் பக்கம்

பாஸ்டரைக் கிடத்தியிருந்த பெட்டி முன்னறையின் நடுவில் இருந்தது. சாயங்காலம் அடக்கம். வீட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாஸ்டரம்மாவுக்கோ வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா, வயதானவர்களுக்கு நாற்காலி கிடைத்ததா என்ற கவலை. புருஷன் செத்த அன்றைக்காவது ஒரு மனுஷி சும்மா உட்காரலாம். ஊர் ஜனங்களுக்கு வாசலைத் திறந்துவைத்தே ஆயுசு போனவளுக்கு அது எங்கே வரும்? இரண்டு தடவை எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் நடந்தாள். இரண்டு தடவையும் மருமகள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அத்தை, இன்னைக்கு அவங்கதான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்காங்க. நீங்க யாரையும் கவனிக்க வேணாம்."

சபைச் செயலாளர் அவளருகே குனிந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிற குரலில்தான் சொல்வார்.

"அம்மா, அடக்க ஆராதனைய வேற போதகர்கிட்ட குடுக்க வேணாம்னு தம்பி சொல்லிட்டாரு. அப்பாவ அவரே அடக்கம் பண்றாராம். சபைக்கே பெருமைம்மா!"

சுற்றி இருந்தவர்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். ஒரு அம்மாள், "எப்பேர்ப்பட்ட விசுவாசம் பாருங்க, அப்படியே அப்பாவ உரிச்சு வச்சிருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை பாஸ்டரம்மாவுக்கு அப்போதுதான் வந்தது.

தம்பி என்றால் அவளுடைய ஒரே மகன். அவனும் போதகர்தான், வேறு ஊரில். அவன் அந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில் ஊரே கொண்டாடியது. பெற்றவள் மட்டும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

அவளுக்குத் தெரியாததா அந்த வேலை? கல்யாணமாகி வந்தபோதே மாமியார் சொல்லிவிட்டாள், "இந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, ஆனா போடக் கூடாது." அப்படியே ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் யாராவது வருவார்கள். யாரும் வராவிட்டால் தொலைபேசி அடிக்கும். புதுசு உடுத்தினால் ஒரு பேச்சு, பழசு உடுத்தினால் அதற்கும் ஒரு பேச்சு. முன் வரிசையில் உட்கார்ந்து, அவர் போன வாரம் சொன்ன அதே வேடிக்கையை இந்த வாரமும் சொல்லும்போது முதலில் சிரிக்க வேண்டியது அவள் பொறுப்பு. சிரித்தாள். அவர் சொல்வதில் பாதி நன்றாகவும் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகள்தான் பாவம். மகன் சின்னவனாக இருந்தபோது, ஆராதனை முடிந்து வாசலில் ஜனங்கள் வரிசையாக நின்று பாஸ்டரிடம் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் இவனும் போய் அந்த வரிசையில் நின்றான். முறை வந்தது. அவர் குனிந்து கையைக் குலுக்கி, "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக, வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அடுத்தவர் சிரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கதையை அவரே எல்லா ஊரிலும் பிரசங்கத்தில் சொல்லுவார். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அப்பாவிடம் என்ன சொல்ல அந்தப் பிள்ளை வரிசையில் நின்றான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவனுக்கு அடுத்து ஒரு பெண் பிறந்தது. வீட்டில் அதற்குப் பாப்பா என்றுதான் பேர். வாய் ஓயாத பிள்ளை. ஜெபம் நீண்டுபோனால் நடுவிலேயே "ஆமென்" என்று உரக்கச் சொல்லி முடித்துவைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிற வருஷம் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வரும்போது பிள்ளையைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

பக்கத்து ஊர்ப் போதகர் தகவல் கேள்விப்பட்டு, அடக்கம் நடத்த அங்கியோடு ஓடிவந்தார். பாஸ்டர் அவரைத் தடுத்துவிட்டார். "என் பிள்ளைய நானே ஒப்புக்கொடுக்கறேன்" என்றார். அன்றைக்கும் "எப்பேர்ப்பட்ட விசுவாசம்" என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு அந்தப் பக்கம் அவர் ஜெபப் புத்தகத்தோடு நின்றார், இந்தப் பக்கம் அவள் நின்றாள். மகன் அவள் கையைப் பிடித்திருந்தான். அவளுடைய இன்னொரு பக்கத்தில், ஒரு புருஷன் நிற்க வேண்டிய இடத்தில், யாருமில்லை. பாஸ்டர் மனைவியைத் தொட்டு ஆறுதல் சொல்ல ஜனங்களுக்குத் தயக்கம். ஆறுதல் சொல்லுகிற வீடே அதுதானே! அவர் ஒரு வார்த்தை தடுமாறாமல் கடைசிவரை வாசித்தார். "மலை மாதிரி நின்னாரும்மா உங்க வீட்டுக்காரர்" என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். மலையோடா அவள் குடும்பம் நடத்தினாள்? அவளுக்கு மனுஷன் வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போலப் பிரசங்கம் பண்ணினார். அவள் வழக்கம்போல முன் வரிசையில் உட்கார்ந்தாள். சீக்கிரத்திலேயே இடமாற்றம் வந்தது. கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாம் வண்டியில் ஏறின. பாப்பா மட்டும் அந்த ஊரிலேயே இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், எந்த அடக்கமானாலும், பாஸ்டரம்மா ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். செத்தவரின் மனைவியோ தாயோ யாராயிருந்தாலும் அவள் பக்கத்தில் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் பேசமாட்டாள். வசனம் சொல்லமாட்டாள். வெயிலானாலும் மழையானாலும் மண் மூடி முடியும்வரை கையை எடுக்கமாட்டாள். "பாஸ்டர் பிரசங்கம் மறந்துபோச்சு, பாஸ்டரம்மா பிடிச்ச கைதான் ஞாபகம் இருக்கு" என்று ஒரு விதவை சொன்னபோது, அவருக்குக் கேட்கும்படியாக இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று இருந்தது அவளுக்கு. அவரிடம் மட்டும் அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. அவரும் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஒரு நாள் சமாதானம் வந்திருக்கும்.

இன்றைக்கு அவரே போய்விட்டார். அந்தப் பக்கம் நிற்க அவர் இல்லை. இன்றைக்காவது பெற்ற மகன் தன் பக்கத்தில் நிற்பான் என்று காலையிலிருந்து அந்த ஒரு நினைப்பைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். மகனைத் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கப் போகிறாள் என்று ஜனங்கள் வழி விட்டார்கள்.

பின்னறையில் அவன் தன் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கண் வீங்கியிருந்தது. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். அவள் அதைச் சரிசெய்தாள்.

"தம்பி, நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

"சொல்லுங்கம்மா."

"ஆராதனைய வேற யாராவது நடத்தட்டும். நீ என் பக்கத்துல நில்லு."

அவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "எல்லார்கிட்டயும் சொல்லியாச்சேம்மா."

"சொன்னா என்ன? அம்மாவுக்கு முடியலன்னு சொல்லு. யாரு என்ன சொல்லிடுவா?"

"அதுக்கில்லம்மா." அவன் அங்கியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "பாப்பாவ அப்பா அடக்கம் பண்ணாரே, ஞாபகம் இருக்கா? நான் பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்குத்தான்மா நானும் போதகராகணும்னு முடிவு பண்ணேன்."

பாஸ்டரம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தனியாக விட்ட அந்த நேரமா இவனை அழைத்தது? கடவுள் கணக்கே தனி என்று வேறு யாருக்காவது சொல்லியிருப்பாள். தனக்குச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

"அன்னைக்கு என் பக்கத்துல யாருமே இல்லடா" என்றாள்.

"நான் இருந்தேனேம்மா. உங்க கையப் பிடிச்சிக்கிட்டுதானே நின்னேன்."

இருந்தான்தான்.

"அப்பாகூட நான் உட்கார்ந்து பேசினது ரொம்பக் கொஞ்சம்மா" என்றான் மகன். "பேச வந்தா எப்பவும் யாராவது இருப்பாங்க. அவருக்கு நான் செய்யறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் வேணாம்னு சொல்லாதீங்க."

அவள் சொல்லவில்லை. எழுந்து அவன் கையிலிருந்த அங்கியை வாங்கி, மடிப்புக் கலையாமல் அவனுக்குப் போட்டுவிட்டாள். அவருக்குப் போட்டுவிட்ட கை அது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் அதே மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் வெள்ளை அங்கியும் புத்தகமும். இந்தப் பக்கம் அவள், மருமகள், பேரப்பிள்ளைகள், பின்னால் சபை முழுவதும். மருமகள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டாளோ, சரியாகத்தான் பிடித்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கண் முழுக்க எதிரே நிற்கிற புருஷன்மேல் இருந்தது.

பெட்டியை இறக்கினார்கள். மகன் வாசிக்க ஆரம்பித்தான். அப்பாவின் அதே குரல், அதே நிறுத்தம். "ஆகையால் இந்த நம்முடைய பிரியமான சகோதரனை..." என்ற இடம் வந்தது. புத்தகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. செத்தவர் யாருக்கு யாராக இருந்தாலும் வாசிக்கிறவருக்குச் சகோதரன்தான். மகன் அந்தச் சொல்லில் நின்றுவிட்டான். மறுபடி "இந்த நம்முடைய" என்று ஆரம்பித்தான். மறுபடி நின்றான்.

பக்கம் புரட்டுகிறான் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். அவன் பக்கத்தைப் புரட்டவே இல்லை என்பது பெற்றவளுக்குத் தெரிந்தது. யாரும் அவனிடம் போகவில்லை. வாசிக்கிற போதகரிடம் யார் போவார்கள்?

பாஸ்டரம்மா மருமகளின் கையை விலக்கிவிட்டு நடந்தாள். குவித்திருந்த மண்ணில் கால் புதைந்தது. அவளுக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்த செயலாளர், "அம்மாவுக்குத் தண்ணி, தண்ணி" என்று தோட்டத்துக்கே கேட்கும்படி கத்தினார். அவள் குழியைச் சுற்றிக்கொண்டு போய் மகனின் முழங்கையைப் பிடித்து நின்றாள்.

பிறகு நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில், இத்தனை அடக்கங்களில், அவள் இந்த இடத்திலிருந்து பார்த்ததே இல்லை. எதிரே மருமகளும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே நின்றது. இந்தப் பக்கம் ஒரு ஈ, காக்காய் இல்லை. பெட்டியின் மூடி நேராகக் காலடியில் தெரிந்தது. கண்ணை எங்கே திருப்பினாலும் அதுதான் தெரிந்தது.

அன்றைக்கு அவர் நின்றது இங்கேதான். அவருக்கு எதிரே மனைவியும் மகனும் கைகோத்து நின்றார்கள். காலடியில் பாப்பாவின் சின்னப் பெட்டி. பிடித்துக்கொள்ளப் புத்தகத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"அப்பான்னு படிடா" என்றாள் மகனின் காதருகே. "புத்தகம் கிடக்கட்டும்."

"எங்க அப்பாவை" என்றான் அவன். உடனே முகத்தைப் புத்தகத்தால் மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். அவள் கையை எடுக்கவில்லை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க அப்பாவை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கறேன்" என்று முடிக்கும்வரை பிடித்தபடியே நின்றாள்.

மண் விழத் தொடங்கியது. அவள் குழியையே பார்த்தாள். அன்றைக்கு அவர் புத்தகத்தை மூடிவிட்டு அவளிடம் வந்திருக்கலாம். வராதது தப்புதான். அதை அவள் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆனால் சுற்றிக்கொண்டு போக அவளுக்கும் வழி இருந்தது. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"என்னங்க," என்றாள், விழுகிற மண்ணைப் பார்த்து, "நானாவது வந்திருக்கலாம்."