இறக்கிய கை

1934ஆம் வருஷம் மாசி மாதம், செத்து ஆறு நாளான சுப்பம்மா சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டே நடந்து, ராயப்பேட்டையில் லாசர் உபதேசியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். மூன்றாம் வகுப்பில் அன்று கூட்டம் அதிகமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் காய்ச்சல்காரி என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்களாம். கதவைத் திறந்தவள் உபதேசியாரின் மனைவி லூயிசா. தெருவில் அத்தனை புழுதி இருந்தும் வந்தவள் காலில் ஒட்டவில்லை என்பதைப் பார்த்தவுடன் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "உங்க சபைக்காரங்க வந்துகீறாங்க," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சுப்பம்மா வேண்டாமென்றாள். தெலுங்கில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "வேற ஆளு கையால மண்ணுக்குள்ள போகமாட்டேன்னு எழுந்து வந்துட்டேன் அய்யகாரு. நீங்க சொன்னீங்க இல்ல?"

சொன்னார்தான். ஆனால் அந்த வாக்கு முதலில் அவருடையதல்ல, வெள்ளைக்கார மிஷனரி வால்டர் ஐயருடையது. லாசர் பிறந்தது சாந்தோமில், பறங்கியர் காலத்திலிருந்தே கத்தோலிக்கரான குடும்பத்தில்; பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். அவர் பிறகு சேர்ந்த பாப்டிஸ்ட் மிஷனில் குழந்தை தலையில் தெளித்த தண்ணீர் செல்லாது. வளர்ந்த பிறகு தானே விரும்பி முழுதாக முங்க வேண்டும். 1922இல் வால்டர் ஐயர் அவரை அடையாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, முதுகில் ஒரு கையும் நெஞ்சில் ஒரு கையும் கொடுத்து முழுக்கி எடுத்தார். "உன்னைத் தண்ணீரில் இறக்கின கைதான் மண்ணிலும் இறக்கும், பயப்படாதே," என்று அவர் காதில் சொன்னார். கரையில் நின்ற லூயிசாவையும் கூப்பிட்டார்கள். "நான் ஒரு தபா நனைஞ்சது போதும்," என்று சொல்லிவிட்டு அவள் பழைய கோயிலுக்கே போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷமே லாசரைச் சென்னை ராஜதானியும் நிஜாம் சமஸ்தானமும் முட்டிக்கொள்கிற வறண்ட எல்லைக்கு அனுப்பினார்கள். ரயிலை விட்டு இறங்கினால் மூன்று நாள் மாட்டுவண்டி. எட்டு வருஷத்தில் ஐந்து ஊர்களில் ஐந்து கூரைச் சபைகள், நாற்பத்தொரு பேர். முங்குவதற்கு ஆறும் இல்லை, குளமும் இல்லை. நல்லபண்டா என்ற ஊரில் சுப்பம்மாதான் வழி சொன்னாள்: பாறைக்குழியில் வீட்டுக்கு ஒரு குடம் ஊற்றலாம் என்றாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. அதில்தான் அத்தனை பேரும் முங்கினார்கள். ஒவ்வொருவர் காதிலும் லாசர் தனக்குச் சொல்லப்பட்டதையே சொன்னார். பிறகு அந்தத் தண்ணீரை மாடுகளுக்குக் காட்டினார்கள்.

1931இல் வால்டர் ஐயரிடமிருந்து கடிதம் வந்தது. போதகர் பட்டம் கொடுக்கப்போகிறோம், ஒரு மாதம் வந்துவிட்டுப் போ. அறுவடைக்குள் திரும்பிவிடுவதாகச் சுப்பம்மாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். இங்கே பட்டம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. சும்மா இருப்பானேன் என்று மிஷன் அச்சகத்தில் பிழை திருத்தச் சொன்னார்கள். தை மாதம், மை காயாத ஒரு தாளில் அவர் படித்தார்: எல்லைப்புறத்து ஐந்து சபைகளும் விசுவாசிகளோடு வேறொரு மிஷனுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டன, பதிலுக்கு, ரயில் வசதியுள்ள ஒரு தாலுகா நம் வசம் வந்தது. நல்லபண்டா என்ற பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு, அடையாற்றங்கரையில் இருந்த மிஷன் பங்களாவுக்கு நடந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே ஐயா."

"சொல்லியிருந்தால் நீ அங்கிருந்து வந்திருக்க மாட்டாய், லாசர்," என்றார் வால்டர் ஐயர். "கமிட்டி ஜெபம் பண்ணி எடுத்த முடிவு."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இப்படித்தான் நடக்கும்: சாந்தமாக, கையிலிருந்த டீக்கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல். லாசர் இரண்டு தடவை ரயிலேறிப் பார்த்தார். இரண்டு தடவையும் புது மிஷனின் ஆள் ஸ்டேஷனில் போலீசோடு நின்று திருப்பி அனுப்பினான். மறு வருஷம் வால்டர் ஐயர் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

ஆகவே சுப்பம்மா வந்தாள். மிஷன் கல்லறையில் இடம் தரவில்லை. அவள் பெயர் இப்போது வேறு மிஷனின் புத்தகத்தில் இருக்கிறதாம். லாசர் அவளை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே பங்களாத் தோட்டத்துக்குப் போனார். "எவ்ளோ ஆழம் நைனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோட்டக்காரன் ரங்கன் வெட்ட ஆரம்பித்தான். முதுகில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை; சுப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். எல்லையில் காலரா கண்ட வருஷம் ஒரே வாரத்தில் பதினொரு பேர். புதிதாக வந்த ஐயர் முதலில் கத்தினார், அப்புறம் டென்னிஸ் ஆடுகிற இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். 1938 புரட்டாசியில் நாற்பத்தோராவது ஆளையும் இறக்கிவிட்டுத்தான் லாசர் படுத்தார்.

ஐப்பசி மழையில் இறந்தார். விட்டுப்போனவருக்கு இடமில்லை என்றது சாந்தோம் கோயில். லூயிசா குளிப்பாட்டிக் கோட்டு மாட்டி முடித்ததும், லாசர் எழுந்து உட்கார்ந்து செருப்பைக் கேட்டார்.

"அவரைத் தேடிக்கினுதானே போறீங்க?"

"ஆமா. வாக்கு குடுத்தாரே."

"போங்க. போயி நல்லா கேளுங்க," என்றாள் லூயிசா. பதினாறு வருஷ ஆத்திரத்தோடு பெட்டியைத் திறந்தாள். "அங்க குளிரும். கம்பளிய எடுத்துக்கினு போங்க."

துறைமுகத்தில் தடுக்கவில்லை, சாப்பாடு வேண்டாத பயணி என்று மேல்தட்டில் இடம் கொடுத்தார்கள்.

மாசியில் வால்டர் ஐயரின் மகள் ஃப்ளோராவிடமிருந்து கடிதம் வந்தது. சென்னையில் வளர்ந்தவள், தமிழில்தான் எழுதியிருந்தாள். ஒரு மாதமாக எங்கள் வாசலில், பனியில், கம்பளி போர்த்திய ஒருவர் நிற்கிறார். உள்ளே வரமாட்டேன் என்கிறார். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். லாசர் என்று யாரையும் அவருக்கு நினைவில்லை. நாங்கள் என்ன செய்வது?

லூயிசா அன்றே பதில் எழுதினாள். "நினைவு வருகிற வரைக்கும் அவர் நிற்பார். மண்வெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்." அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனாள்.