நாலு விரல் குறைவு

மழைக்காவலன் பறக்க மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சினிமாப் படத்தில் அவன் பறக்கிறான்.

சித்திரக்கதையில் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சக்தி. எங்கே மழை பெய்கிறதோ அங்கே கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். தூறல் நின்றால் சக்தியும் நின்றுவிடும். பிறகு எல்லாரையும் போல பஸ் பிடித்துத்தான் வீட்டுக்கு வரவேண்டும். கோடையில் மூன்று மாதம் வேலையே கிடையாது, குடை ரிப்பேர் பார்ப்பான். பதினோராவது இதழ் முழுக்க அவன் ஒரு குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருக்கிறான். நாலு தெரு தள்ளி பாங்கைக் கொள்ளையடிக்கிறார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவன் அண்ணாந்து பார்க்கிறான், மறுபடி கம்பியை வளைக்கிறான். அவ்வளவுதான் கதை. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் போட்டிருப்பது இறந்துபோன மனைவியின் மஞ்சள் மழைக்கோட்டு. அதைப் பிரித்து அவனே தைத்துக்கொண்டது. அதில் இடது கை மட்டும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிடும். உண்மையில் அது படம் வரைந்தவரின் கைப்பிசகு. முதல் இதழின் அட்டையிலேயே இடது கையைக் குட்டையாகப் போட்டுத் தொலைத்துவிட்டார். வாசகர்கள் கடிதம் எழுதிக் கிழித்தார்கள். வேறு ஆளாக இருந்தால் அடுத்த இதழில் சத்தம் போடாமல் கையை நீட்டியிருப்பார்கள். இவர்கள் அந்தத் தப்பை மறைக்காமல், ஏழாவது இதழில் அதற்கு ஒரு கதையே எழுதினார்கள். மனைவி குள்ளம், இவன் ஆறடி. கோட்டைப் பிரித்து வெட்டுகிறான், தைக்கிறான், கடைசியில் இடது கைக்குத் துணி எட்டவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ அவ்வளவுதான் இருந்தா" என்கிறான்.

இந்த ஒரு வரிக்காக உலகத்துத் திரைக்கதைகளை எல்லாம் எடைக்குப் போடுவேன்.

நான் சினிமா உடைகள் தைக்கும் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருஷமாக ராஜா, போலீஸ், பேய் என்று எல்லாருக்கும் துணி வெட்டியிருக்கிறேன். இருக்கிறதிலேயே பேய்தான் தங்கமான வாடிக்கையாளர், குறை சொல்லாது. மழைக்காவலனைப் படமாக எடுக்கிறார்கள், உடை எங்கள் கூடத்தில்தான் என்று தெரிந்த அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் மனைவி மட்டும், "ரொம்ப ஆடாதீங்க. ஆசையா வளர்த்ததைத்தான் அடுத்தவன் மொட்டை அடிப்பான்" என்றாள். அவளுக்கு வாய் முகூர்த்தம் எப்போதும் பலிக்கும்.

இயக்குநர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வாயைத் திறந்தால் "என்னோட விஷன்" என்பார். அன்று சாயங்காலத்துக்குள் கூடத்தில் அவருக்கு விஷன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"மாஸ்டர், இதுதான் என்னோட விஷன்" என்று டேப்லெட்டைத் திருப்பினார்.

கன்னங்கரேலென்று ஒரு ரப்பர் உருவம். வயிற்றில் எட்டுக் கட்டாகத் தசை. நெஞ்சில் நீலமாக ஒரு துளி, பாத்ரூம் சுவிட்சில் எரியும் குட்டி விளக்கு மாதிரி.

"மஞ்சள் மழைக்கோட்டு எங்க சார்?"

"மஞ்சள் ஒர்க் ஆகலை. நூறு பேர்கிட்ட காட்டிக் கேட்டோம். ஸ்கூல் வேன் ஞாபகம் வருதாம்."

"அது அவன் பொண்டாட்டி கோட்டு சார்."

"அவங்க சாகலையே மாஸ்டர்! நம்ம படத்துல அவங்க சயின்டிஸ்ட். லேப்ல இந்த சூட்டை உருவாக்குறதே அவங்கதான். பெண்களுக்கு வெயிட்டான கேரக்டர்."

"சாகவே மாட்டாங்களா?"

"ரெண்டாம் பாகத்துல சாவாங்க."

"சரி சார். இடது கை?"

"இடது கை இருக்கே."

"நாலு விரல் குறையணும்."

அவர் கூட வந்த உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் போனைப் பார்த்தார்.

"நீங்க கதையைப் படிச்சீங்களா சார்?"

"வேணும்னேதான் படிக்கலை" என்றார் விஷன். குரலில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. "படிச்சா என் விஷன் கலங்கிடும்."

தாலி கட்டப் போகிறவன், பெண்ணைப் பார்த்தால் காதல் கலங்கிவிடும் என்று சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பக்கத்தில் நின்ற அக்கா என் முழங்கையை அழுத்தினார்.

அக்கா எங்கள் கூடத்தின் தலைவி. என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனாலும் வாட்ச்மேனிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். விஷன் போனதும், "மாஸ்டர், அது பொம்மைப் புஸ்தகம். இது பொழப்பு. கத்திரியை எடுங்க" என்றார்.

எடுத்தேன்.

ஒரு படத்துக்கு ஒரு உடை என்று வெளியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழகாக நிற்பதற்கு இரண்டு, கிழிவதற்கு இரண்டு, தண்ணீரில் நனைய இரண்டு, நெருப்பில் பொசுங்க இரண்டு, நாயகனுக்குப் பதிலாகக் குதிக்கும் சண்டைக்காரருக்கு ஆறு என்று மொத்தம் பதினாலு. பதினாலையும் தனித்தனியாக அளந்து வெட்ட மாட்டோம். மாஸ்டர் முதலில் அட்டையில் அளவு வெட்டுவார். அந்த அட்டையைத் துணிமேல் வைத்து வரைந்து பதினாலும் வெட்டப்படும். சாதாரணமாகக் கைக்கு ஒரே அட்டைதான். நேராக வைத்தால் வலது, திருப்பி வைத்தால் இடது.

நான் கைக்கு இரண்டு அட்டை வெட்டினேன்.

இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் வெட்டியதில்லை. பெரியவனாகிப் பணக்காரர்கள் கையில் மாட்டிக்கொண்ட என் மழைக்காவலனுக்கு நான் கொடுக்க முடிந்தது நாலு விரல். அதையாவது கொடுத்துத் தீருவேன் என்று இருந்தது. தையல்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் வெட்டினால் வெட்டினதுதான். இடது கை தைக்கிறவர் ஒருவர், வலது கை தைக்கிறவர் இன்னொருவர், இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

நாயகன் அளவு பார்க்க வரும் நாள் காலையில்தான் அக்கா முதல் உடையைப் பொம்மைக்கு மாட்டினார். இரண்டு கையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். இரண்டாம் உடையை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார்.

"பதினாலுமா?"

"பதினாலும்தான்."

"பிரிச்சு இறக்கிடலாம். மடிப்புக்கு உள்ள துணி விட்டிருப்பீங்கல்ல?"

"விடலை."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த ரப்பர் துணி கப்பலில் வந்தது. ஒரு முழம்கூட மிச்சம் இல்லை.

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க" என்றார். "உங்க பொம்மைப் புஸ்தகத்துக்காக என் சோத்துல மண்ணா? வீட்டுல ரெண்டு பேர் படிக்கிறாங்க மாஸ்டர்."

"நான்தான் பண்ணேன்னு நானே சொல்றேன் அக்கா."

"சொல்லி? உங்களைத் தூக்கிட்டு எனக்கு மட்டும் மாலை போட்டு உக்கார வைப்பாங்களா?"

நியாயமான கோபக்காரனுக்குக்கூட பக்கத்தில் நிற்பவர்மேல் படாமல் கத்திரி வீசத் தெரிவதில்லை.

பதினொரு மணிக்கு விஷன், நாயகன், விளம்பரம் பார்க்கும் பெண், உதவியாளர்கள் என்று கல்யாண வீட்டுக்கு வருவது போலக் கும்பலாக வந்தார்கள். நாயகனுக்கு உடை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணாடிமுன் நின்றார். தன்னைப் பார்க்க அவருக்கு எப்போதுமே நேரம் போதாது, அதனால் கையைக் கவனிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது.

"ஒரு கை குட்டையா இருக்கே?"

விஷன் என்னைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

"அப்படித்தான் சார் இருக்கணும்" என்றேன். ஏழாவது இதழைச் சொல்ல ஆரம்பித்தேன். விஷன் கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. என் மனைவிக்குக்கூட இதுவரை சொல்லாததைச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"எட்டாவது படிக்கறப்ப முழுக்கைச் சட்டைதான் யூனிஃபார்ம் சார். கடையில விழுற வெட்டுத் துணியை வாங்கிட்டு வந்து எங்கம்மா கையாலயே தைச்சாங்க. இடது கைக்குத் துணி பத்தலை. இதே நாலு விரல். பள்ளிக்கூடத்துல எனக்கு முக்காக்கைன்னு பேரு. கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டே ஒரு மாசம் நடந்தேன். அப்பதான் ஏழாவது இதழ் வந்துச்சு. வகுப்பே படிச்சுது. மறுநாள் நான் உள்ள நுழைஞ்சப்ப ஒருத்தன் எழுந்து நின்னு 'மழைக்காவலன் வர்றான்டா'ன்னான். எல்லாரும் எழுந்து நின்னாங்க சார். அன்னைக்கு வீட்டுக்குப் போனா அம்மா, வலது கையையும் வெட்டிச் சமமா ஆக்கிடவாடான்னு கேட்டாங்க. வேணாம்மா, தொடாதீங்கன்னு கத்தினேன்."

கூடத்தில் தையல் மிஷின்கள் நின்றுவிட்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தால், விஷன் கண்ணில் தண்ணீர்.

"மாஸ்டர்" என்றார். "இது எமோஷன். படத்துல இது இல்லாமதான் நான் ஆறு மாசமா தவிச்சேன்." என் தோளைப் பிடித்தார். அப்போது எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. "குட்டைக் கை. சூப்பர். ஆனா ஒரு கை மட்டும்னா பார்க்கறவங்க தையல்காரன் தப்புன்னு நினைப்பாங்க. ரெண்டு கையையும் வெட்டிடுங்க."

"கரெக்ட்" என்றார் நாயகன். முன்னங்கையை முறுக்கிக் காட்டினார். "இதுக்காகவே ஜிம்ல கிடந்தேன். மூடி வெச்சா எப்படி?"

விளம்பரப் பெண் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அங்கிள், இதையே இன்னொரு தடவை சொல்லுங்க. அம்மா போட்டோ இருக்கா? அந்தச் சட்டை வெச்சிருக்கீங்களா? இல்லாட்டி பரவாயில்லை, இங்கதான் இத்தனை பேர் தைக்கறாங்களே, பழசு மாதிரி ஒண்ணு தைச்சுக்கலாம்."

அவர்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையை விட்டுத் துரத்தியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். பாராட்டினார்கள். என் சட்டையைக் கழற்றி எனக்கே விற்கப் பார்க்கிறார்கள், அதுவும் கைதட்டிக்கொண்டே.

"என்னால முடியாது" என்றேன்.

"எது, வீடியோவா?" என்றார் விளம்பரப் பெண்.

"வலது கையை வெட்டறது."

கட்டிங் மாஸ்டரின் கத்திரி கூடத்துக்குச் சொந்தமில்லை, அவன் சொந்தச் சொத்து. வேறு யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம். அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாசல்வரை அக்கா வந்தார்.

"போங்க" என்றார். "என் வேலை தப்பிச்சுது. அழுதீங்களே ஒரு அழுகை, அதுக்காவது நன்றி. இனிமே கோபப்படறதுக்கு உங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும்."

"நான் அழலை."

"சரி, அவர் அழுதாரு. யாரோ ஒருத்தர்."

இப்போது ஒரு கோட்டு சூட்டுக் கடையில் மாப்பிள்ளைகளுக்கு வெட்டுகிறேன். மாப்பிள்ளையும் கிட்டத்தட்ட பேய் மாதிரிதான், வாயைத் திறக்காது. படத்தின் போஸ்டர் எங்கள் கடை எதிரிலேயே ஒட்டப்பட்டது. இரண்டு கையும் குட்டை. கீழே கொட்டை எழுத்தில், 'துணி குறைந்தாலும் துணிவு குறையாது.' ஆறே வாரத்தில் பிள்ளைகள் எல்லாம் இரண்டு கையும் குட்டையான கறுப்புச் சட்டையில் திரிந்தன. மூன்று மாதம் நான் எதிர்ப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல் கடை திறந்தேன்.

முதல் நாள் முதல் காட்சிக்குப் போனேன். ரசிகனுக்கு வெட்கம் உண்டு என்று யார் சொன்னது? மனைவி டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போதே, "கடைக்குன்னு சொல்லிட்டு எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

பறந்தான். வெயிலில் பறந்தான். பஸ் பிடிக்கவே இல்லை. பஸ்ஸைத் தூக்கி எறிந்தான். குடை என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே படத்துக்குத் தெரியவில்லை. நான் இருக்கையின் கைப்பிடியை நகத்தால் கீறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு பாலத்தில் ஒரு சண்டை. கேமரா தூரத்தில் இருந்தது. நாயகனுக்குப் பதிலாகச் சண்டைக்காரர். மழை. பாலத்தின் விளிம்பில் முதுகைக் காட்டி எழுந்து நிற்கிறார். வலது கை முழுசு. இடது கை நாலு விரல் குறைவு. மணிக்கட்டுக்கு மேலே ஈரத் தோல் மினுங்கியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருய்யா, மறைக்குது!" என்றான் பின்னால் இருந்தவன்.

உட்காரவில்லை. பதினொரு நொடி. பிறகு வேறு காட்சிக்குத் தாவி, இரண்டு கையும் குட்டையான நாயகன் முன்னங்கையை முறுக்கினார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பாலத்துல வர்றது எந்த உடை?"

"படத்துக்குப் போனீங்களா? அத்தனை வீராப்பா பேசிட்டு?"

"எந்த உடை அக்கா?"

"ஒன்பதாம் நம்பர். பதிமூணு வெட்டினதுல கை வலி வந்துடுச்சு. தூரத்துல நிக்கற ஆளுக்குத்தானேன்னு விட்டுட்டேன்." பிறகு, "வைங்க, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மழைக்காவலன் ரசிகர்களுக்கு என்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. நாலு லட்சம் பேர். போஸ்டர் வந்தபின் சேர்ந்தவர்கள். அன்று சாயங்காலமே அங்கே 'படத்தில் நாம் கண்டுபிடித்த தவறுகள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். பறந்தது அதில் இல்லை. மனைவி உயிரோடு இருந்தது இல்லை. மஞ்சள் கறுப்பானது இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. பாலத்துக் காட்சி, சிவப்பு வட்டம் போட்டு, 'ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இவ்வளவு செலவு பண்ணி எடுத்த படத்தில் இப்படி ஒரு கவனக்குறைவா?'

இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். 'அது தவறு இல்லை. படம் முழுவதிலும் சரியாக இருப்பது அது ஒன்றுதான்.'

நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். முதல் பதில் இப்படி இருந்தது: 'பெரியவரே, மொதல்ல காமிக்ஸ் படிச்சிட்டு வாங்க.'