நீச்சல் குளத்து அம்மா

எகிப்துக்கும் வேறு இரண்டு நாடுகளுக்கும் போய்த் திரும்பிய மறுநாளே மனநல ஆலோசகர் தன் அறையைத் திறந்துவிட்டாள். கண் சொக்கியது, கால் வீங்கியிருந்தது. ஒரு நாள் வீட்டில் படுத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் படுத்தால் என்னென்னவோ நினைப்பு வரும். கணவன் இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. ஊரார் துக்கத்துக்கெல்லாம் வழி சொல்லுகிறவள், அந்த ஆறு வருடமாகத் தன் படுக்கையறைக்குள் போகாமல் கூடத்து சோபாவிலேயே சுருண்டு படுக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்!

அவளுடைய தங்கைக்கு மட்டும் அது தெரியும். முன் அறையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறவள் தங்கைதான். ஆட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்ததால், எல்லோரையும் கிழமையையும் மணியையும் வைத்தே கூப்பிடப் பழகியிருந்தாள்.

"திங்கள் பத்து மணி உன்னைக் கேட்டாங்க. புதன் நாலு மணி மறுபடியும் குடைய விட்டுட்டுப் போயிட்டாரு. வியாழன் பதினொன்னு மட்டும் நீ இல்லாத ரெண்டு வாரமும் வந்து, வாசல்ல நின்னு, போர்டப் படிச்சிட்டுப் போனாரு."

"லீவுன்னு சொல்லித்தானே அனுப்பினோம்?"

"சொன்னோம். வந்தாரு. நான் என்ன பண்ண? உனக்கென்னக்கா, நீ பாட்டுக்குப் பிரமிடுக்குள்ள போய் உக்காந்துக்கற. ஊருக்குத்தான் உபதேசம்!"

தங்கையின் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை.

வருடத்துக்கு ஒரு தடவை, நெருங்கியவர்களை இழந்த பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அவள் எகிப்துக்குப் போவாள். துக்கத்தில் இருப்பவர்களிடம் போய்க் கல்லறை காட்டுகிறேன் என்றால் செருப்பால் அடிப்பார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். நடந்ததோ வேறு. குனிந்து குனிந்து படியிறங்கி, அந்தப் புழுக்கத்தில் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்றதும், வருடக்கணக்காக வாய் திறக்காதவர்கள்கூடப் பேசிவிடுவார்கள். முக்கியமாக அந்தக் கல் கதவின் முன்னால். பார்த்தால் கதவு, ஆனால் திறக்காது. சுவரிலேயே செதுக்கிய வெறும் கதவு. செத்தவர் அதன் வழியாக வந்து, முன்னால் படைத்திருக்கும் ரொட்டியையும் வெங்காயத்தையும் வாத்துக் கறியையும் எடுத்துக்கொள்வார் என்று நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் நம்பினார்கள். இந்தத் தடவை கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். கதவையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளேருந்து ஒருத்தராவது தட்டியிருக்காங்களாம்மா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேராக, துக்கத்தைப் பற்றிப் பேச இரண்டு நாடுகளில் மூன்று மேடைகள். முதல் மேடை சொதப்பல். ஆயிரம் பேர் உட்காரும் குளிர்ந்த மண்டபத்தில் முந்நூறு பேர். அதில் பாதிப்பேர் குனிந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கல் கதவைத் திரையில் காட்டினாள். ஒருவரும் நிமிரவில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது வியாழன் பதினொரு மணிக்காரரின் கதை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வயது மகள் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். ஒவ்வொரு பருவமும் பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் கார்டு கொடுக்கிற நாளன்று வேலைக்கு லீவு போடுவார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மகள் இருந்திருந்தால் இப்போது எந்த வகுப்போ அந்த வகுப்பின் வாசலில், மற்றப் பெற்றோரோடு வரிசையில் நிற்பார். முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது, ஏதோ மறந்தவர்போல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். இதை அவர் பெற்ற தாயிடம் சொன்னதில்லை, கட்டிய மனைவியிடம் சொன்னதில்லை. இவள் ஒருத்தியிடம்தான் சொன்னார், அதுவும் வர ஆரம்பித்து எட்டு மாதம் கழித்து.

சம்மதம் கேட்காமல் ஒருவர் கதையை வெளியே சொல்லக் கூடாது. சொல்லத்தான் வேண்டுமென்றால், சம்பந்தப்பட்டவருக்கே அடையாளம் தெரியாதபடி மாற்ற வேண்டும். அந்தத் தொழிலின் பாலபாடம் அது. அந்த மாற்றுகிற வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மேடையில் நின்ற நிற்பிலேயே அப்பாவை அம்மாவாக்கினாள், மகளைப் பதினொரு வயது மகனாக்கினாள், லிஃப்ட் மெக்கானிக்கை வங்கி குமாஸ்தா ஆக்கினாள். பள்ளிக்கூட வரிசையை நீச்சல் குளத்து வாசலாக்கினாள். வகுப்பு முடிகிற நேரத்துக்கு அந்த அம்மா கையில் துவாலையோடு மற்ற அம்மாக்கள் நடுவில் நிற்பாள். பிள்ளைகள் ஈரத் தலையோடு வெளியே வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் துவாலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவாள். "நாமும் கல்லில் கதவு செதுக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று முடித்தாள்.

கைப்பேசிகள் கீழே இறங்கின. முன் வரிசையில் ஒரு ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த இரண்டு மேடைகளிலும் நீச்சல் குளத்து அம்மா வந்தாள். மூன்றாவது மேடையில் துவாலைக்கு நீல நிறம்கூட வந்துவிட்டது. அதைப் படம் பிடித்தவர்கள் அன்று மாலையே எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. பத்தே முக்காலுக்குத் தங்கை கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினாள்.

"அக்கா, பதினொன்னு வந்தாச்சு. சிரிச்சுக்கிட்டு இருக்காருக்கா! என்னைச் சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

அவர் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"டாக்டரம்மா, உங்க வீடியோ பாத்தேன்."

டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். இன்று ஆலோசகர் அதைத் திருத்தவில்லை.

"ரெண்டு வியாழக்கிழமையும் கால் தானா இங்க இழுத்துட்டு வந்துடுச்சு. நீங்க இல்ல. சரி, போன்லயாவது பாப்போம்னு தேடினேன். அந்த அம்மா கதைய சொன்னீங்க பாருங்க..." அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "துவாலைய மடிச்சுப் பைக்குள்ள வெச்சுப்பாங்கன்னு சொன்னீங்களே. நான் கடிகாரத்தப் பாப்பேன், அவங்க துவாலைய மடிக்கறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்! நான் ஒருத்தன்தான் பைத்தியக்காரன்னு நெனச்சிருந்தேன் டாக்டரம்மா. இன்னொருத்தங்களும் இருக்காங்க. அன்னைக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

அப்படி ஒரு முகத்தை அவரிடம் அவள் பார்த்ததே இல்லை. அடையாளம் தெரியாமல் மாற்றினேன் என்று மார்தட்டிக்கொண்டாளே, அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள்.

"வீட்ல அவகிட்டயும் காட்டினேன். ரெண்டு வருஷமா எங்க பொண்ணு பேரையே எடுக்காதவ, வீடியோ முடிஞ்சதும் பேரச் சொன்னா. சொல்லி அழுதா. நானும் பள்ளிக்கூடத்துல போய் நிக்கறத அப்பத்தான் அவகிட்ட சொன்னேன்." அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அந்த அம்மாவ ஒரு தடவை பாக்கணும். ஏற்பாடு பண்ணுவீங்களா?"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு வார மகிழ்ச்சி மட்டுமே போயிருக்கும். ஆனால் அவளுக்குத் தைரியம் வரவில்லை. தொழில் விதி கைக்கு அடக்கமாக இருந்தது, அதைத் தூக்கி முன்னால் வைத்தாள்.

"ஒருத்தரப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக் கூடாதுங்க. உங்களப் பத்தி யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன் இல்லையா, அதே மாதிரிதான்."

"அதானே! நீங்க சொல்ல மாட்டீங்கன்னுதானே உங்களத் தேடி வர்றேன்." அவர் பலமாகத் தலையாட்டினார். "பேரு வேணாம், ஊரு வேணாம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு மட்டும் பாருங்க."

"பாக்கறேன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் ஒரு வாரம் வதைபட்டாள். அடுத்த சனிக்கிழமை இன்னொரு நாட்டில் பேச வேண்டியிருந்தது. கூட்டம் நடத்துகிறவர்கள் நீச்சல் குளத்துக் கதையை அவசியம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பதில் போடாமல் அதை மூடினாள். சோபாவில் படுத்துக்கொண்டு, இல்லாத அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு முடிவாகக் கட்டிப் பார்த்தாள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள் என்று சொல்லலாம். யாரையும் சந்திக்க விருப்பமில்லையாம் என்று சொல்லலாம். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது சரியாகத்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் அந்த மனிதர் தன் துக்கத்துக்குக் கிடைத்த துணையை இழப்பார். உண்மையைச் சொன்னால் துணையும் போகும், அவள்மேல் அவர் வைத்த நம்பிக்கையும் போகும், அவர் மனைவி வாய்விட்டுச் சொன்ன அந்தப் பெயரும் திரும்ப உள்ளே போய்விடும். சீ, கை தட்டலுக்கு ஆசைப்பட்டு என்ன காரியம் செய்தாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வியாழன் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

"கேட்டீங்களா டாக்டரம்மா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தார். "என் வீட்டுக்காரி ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருக்கா. அந்த அம்மா இனிமே வாசல்ல போய் நிக்க வேணாமாம். அந்த நேரத்துக்கு எங்க வீட்டுக்கு வரட்டும், வந்து உக்காரட்டும், நானும் கூட உக்காந்துக்கறேன்னு சொன்னா. கூடத்துல நாற்காலியெல்லாம் தூசி தட்டிப் போட்டு வெச்சிருக்கா. வீட்டுக்கு யாரும் வரவேணாம்னு ரெண்டு வருஷமா கதவச் சாத்தியே வெச்சிருந்தவ!"

ஆலோசகர் வாயைத் திறந்தாள். மாற்றல் கதை நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலிகளைப் பற்றிக் கேட்ட பிறகு அது வெளியே வர மறுத்தது.

"அப்படி ஒரு அம்மா இல்லைங்க."

அவருக்குப் புரியவில்லை. "இல்லைன்னா? இறந்துட்டாங்களா?"

"இல்லை. அப்படி ஒருத்தங்க எப்பவுமே இல்லை. அது நீங்கதான். உங்க கதையத்தான் நான் மாத்திச் சொன்னேன். உங்ககிட்ட கேக்காம சொன்னேன். நான் பண்ணினது தப்பு, பெரிய தப்பு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கிறவரை அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் படிந்த ரேகைகள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதவை. அவர் கத்தினால் தேவலை, மேசையைப் புரட்டினால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"அப்ப அங்க நிக்கறது நான் மட்டும்தானா?" என்று கேட்டார்.

அழக்கூடாது என்பதும் தொழில் விதிதான். அதையும் அவளால் காப்பாற்ற முடியவில்லை.

"அந்த வீடியோவ இன்னைக்கே எடுக்கச் சொல்லிடறேன்" என்றாள் கடைசியில். "இனிமே எந்த மேடையிலயும் அந்தக் கதைய சொல்ல மாட்டேன். சத்தியமா."

"வேணாம்." அவர் சட்டென்று நிமிர்ந்தார். குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது. "எடுக்காதீங்க. என் வீட்டுக்காரி தினம் சாயந்திரம் அதப் போட்டுப் பாக்கறா. பாத்துட்டுத்தான் எங்க பொண்ணப் பத்திப் பேசறா. இல்லைன்னு தெரிஞ்சா மறுபடி வாய மூடிப்பா. அந்த அம்மாவுக்கு வர இஷ்டமில்லையாம், கூச்சப்படறாங்களாம்னு நான் சொல்லிக்கறேன். பொய் சொல்றது என் பாடு."

"உங்க வீட்லயும் பொய் சொல்லணுமா..."

"நீங்க சொல்லலையா?"

அவர் எழுந்தார். கதவுவரை போனவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, எதையோ மனசுக்குள் கூட்டிக் கழிப்பவர்போல் நெற்றியைச் சுருக்கினார்.

"அந்தப் பையன் போனப்ப எத்தனை வயசுன்னு சொன்னீங்க?"

"பதினொன்னு."

"என் பொண்ணுக்கு ஒன்பதுதான்." அவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வருஷம் கூடக் குடுத்திருக்கீங்க."

பிறகு, "மறுபடி எங்கயாவது பேசினா அத மட்டும் குறைச்சிடாதீங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

சனிக்கிழமை, வேறொரு நாட்டின் மண்டபத்தில், அவள் அந்தக் கதையைச் சொன்னாள். பதினொன்று என்ற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. அவள் உருக்கத்தைப் பார்த்துக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.