காற்று வீசாவிட்டால் யார் பொறுப்பு?

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகவே இருந்திருக்கக் கூடாது. மின்சாரத்துக்கும் பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் உலகம் இப்போதெல்லாம் எப்படிப் பணம் புரட்டுகிறது, அதில் புதிய போக்குகள் என்னென்ன என்று ஒரு கட்டுரை கேட்டார் பத்திரிகை ஆசிரியர். "உங்க அக்கா அந்த வேலையிலதானே இருக்காங்க? அவங்களைக் கேட்டு எழுதிடுங்க" என்றார். நானும் பெரிய இவள் மாதிரி ஒத்துக்கொண்டேன். அக்காவைப் போய்க் கேட்டேன். அக்கா காதலில் இருந்தாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: உலகளாவிய திட்ட நிதியளிப்பில் அண்மைக் காலமாகக் குறிப்பிடத்தக்க மாற்றங்கள் ஏற்பட்டு வருவதை

(கொட்டாவி வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும்.)

இரண்டாம் முயற்சி: மலைமேல் காற்றாலைகள் நின்றன. அவற்றின் கீழே அவள் நின்றாள். காற்றில் அவளுடைய நீண்ட கூந்தல்

(அக்கா அந்த மலையைப் பார்த்ததே இல்லை. கூந்தலும் தோள்வரைதான்.)

மூன்றாம் முயற்சி: என் அக்கா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள். "காத்து வீசலைன்னா நாங்க என்ன சார் பண்றது? போய் ஊதவா முடியும்?"

இது தேறும். இப்படியே தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

இன்னும் கட்டாத காற்றாலைகள் அடுத்த இருபது வருடத்தில் எவ்வளவு சம்பாதிக்கும் என்று காற்றாலை முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. ஜோசியம்தான், எக்செல்லில் பார்ப்பதால் சம்பளம் அதிகம்.

எதிர்முனையில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் கடன் கொடுக்கும் வங்கிகளின் வக்கீல். விமானத்தில் ஏழு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். இந்த வகைக் கடனில் ஒரு விசேஷம் உண்டு. திட்டம் தானாகச் சம்பாதித்துத்தான் கடனை அடைக்க வேண்டும். முதலாளியின் வீட்டையோ காரையோ வங்கி தொட முடியாது.* அதனால் காற்று வீசாத வருடம் யார் தலையில் விடியும் என்ற ஒரே ஒரு ஷரத்துக்காக இரண்டு பேரும் ஆறு மாதமாக மல்லுக்கட்டினார்கள்.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். "யாருடி அந்தப் பையன்? கட்டின புருஷன்கிட்டகூட யாரும் இவ்வளவு ஆசையா சண்டை போட மாட்டாங்க."

அக்காவின் காது சிவந்தது. நான் பார்த்தேன்.

* இந்தக் கதைக்கும் அதே விதிதான். பிடிக்காவிட்டால் என் பழைய கதைகளைக் காட்டி ஈடுகட்டச் சொல்லக் கூடாது.

4

ஆசிரியர் போன் செய்தார். "காதல் சரிம்மா, போக்கு எங்க?"

சரி, மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் காற்றாலை மட்டும் கட்டினார்கள், இப்போது மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிகளையும் பக்கத்திலேயே அடுக்குகிறார்கள். முன்பு மின்சாரத்தை அரசாங்கம் வாங்கியது, இப்போது டேட்டா சென்டர்காரர்கள் அகோரப் பசியோடு வரிசையில் நிற்கிறார்கள். முன்பு வங்கிகள் மட்டும் கடன் கொடுத்தன, இப்போது ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நானும் தருகிறேன் நீயும் வாங்கிக்கொள் என்கின்றன. அவ்வளவுதான். மூச்சை விடலாம்.

5

கதையில் ஒரு சந்தேகம். வக்கீல் ரொம்ப நல்லவராக இருக்கிறார், யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு குறை வைக்கலாம் என்று அவரைக் கஞ்சனாக்கி எழுதி அக்காவிடம் காட்டினேன்.

"அவர் ஒண்ணும் கஞ்சன் இல்ல" என்று பாய்ந்தாள். "குறை வேணும்னா நிஜத்தையே எழுது. எல்லாரும் பேசிக்கிட்டிருக்கும்போது பிஸ்கட் சாப்பிடுவார். நறுக் நறுக்னு காதுல கேக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிஸ்கட்டுக்குக்கூட உருகும் நிலைமைக்கு வந்திருந்தாள்.

இங்கேதான் முடிச்சு. வக்கீல் அவளிடம் கேட்டேவிட்டார். 'நீங்கள் சரி என்றால் உங்கள் ஊர் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்கிறேன்.' அக்காவின் பதில்: 'மாற்றல் கிடைத்தால் சரி என்கிறேன்.'

சிரிக்காதீர்கள். காற்றாலையும் அதே இடத்தில்தான் சிக்கிக்கிடந்தது. மின்சாரத்தை வாங்கப்போகும் டேட்டா சென்டர் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி கடன் கொடுக்கும். வங்கி கடன் கொடுத்தால்தான் டேட்டா சென்டர் கையெழுத்துப் போடும்.

"உன் கணக்குல இப்படி வட்டமாச் சுத்தினா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"ஒரு எண்ணைச் சும்மா ஊகமாப் போடுவேன். கணக்கு வேற எண்ணைக் காட்டும். அதைத் தூக்கி முதல் இடத்துல போடுவேன். ரெண்டும் ஒண்ணாகற வரைக்கும் திரும்பத் திரும்ப."

நானும் போட்டுப் பார்த்தேன். முடிவு அ: கல்யாணம். உடனே தொடக்கத்தில் அவள் கத்தியதெல்லாம் கொஞ்சலாகிவிட்டது. நகர்ந்து நகர்ந்து முன்னால் போய்த் திருத்த வேண்டியிருந்தது. முடிவு ஆ: இருவரும் பிரிகிறார்கள், காற்றாலை மட்டும் சுற்றுகிறது, அக்கா ஜன்னல் வழியாக

(இல்லை. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. அவள் என் அக்கா.)

6

வழியை அக்காவே சொன்னாள், தெரியாமல். பெரிய திட்டங்களில் எல்லாரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஒரே ஒருவரிடம் கொடுத்துவிடுவார்களாம். அதுவரை அவை வெறும் தாள். ஒரு நாள் எல்லாரும் போனில் கூடுவார்கள். 'விடுவிக்கலாமா?' என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். கடைசி ஆளும் 'விடுவிக்கலாம்' என்றதும் அத்தனை கையெழுத்தும் ஒரே நொடியில் செல்லுபடியாகும். யாரும் முதல் ஆளில்லை, யாரும் ஏமாளியில்லை.

"அப்ப உங்க ரெண்டு பேர் பதிலையும் என்கிட்ட குடுங்க" என்றேன். "நிபந்தனை எதுவும் கூடாது."

இந்த ஆறு மாதத்தில் நான் கேட்காத ஒரு குரலில் அக்கா, "நான் சரின்னு சொல்லி, அவர் வரலைன்னா?" என்றாள்.

அவளுக்கும் காற்று வீசாத வருடம்தான் பயம்.

கடைசியில் என் காதில் சொன்னாள். வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை, இருந்தாலும் காதில்தான் சொன்னாள். அக்கா என் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும், சாயங்காலம் வக்கீல் எனக்குப் போன் செய்து தன் பதிலைச் சொன்னார். பிஸ்கட் சத்தமே கேட்கவில்லை. மனிதர் விளையாடவில்லை என்று புரிந்துகொண்டேன்.

7

கூட்டம் இன்று மத்தியானம் நடந்தது. காற்று வீசாத வருடம் ஆளுக்குப் பாதி என்று முடிவாகியிருந்தது. வக்கீல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வங்கிகள், விடுவிக்கலாம். முதலாளி, விடுவிக்கலாம். காற்றாலை செய்பவர்கள், விடுவிக்கலாம். டேட்டா சென்டர்?

சத்தமில்லை.

"டேட்டா சென்டர் சார்?"

அக்கா நகத்தைக் கடித்தாள். ஒரு மலை, அதன்மேல் கட்டப்போகும் அத்தனை காற்றாலைகள், இருபது வருட மின்சாரம், எல்லாம் அந்தரத்தில் தொங்கின. திடீரென்று அக்கா எழுந்து நின்று கத்தினாள். "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க!"

"விடுவிக்கலாம்! விடுவிக்கலாம்! அப்ப புடிச்சு சொல்லிக்கிட்டேதான்மா இருக்கேன்!"

ஒரே ஆரவாரம். பிறகு திரையிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் இரண்டு பெயர்கள் மட்டும் நின்றன. அக்கா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள். என்னைப் பார்த்தாள்.

"லைன்ல யாராவது இருக்கீங்களா?" என்றது வக்கீலின் குரல்.

8

நான் அடுக்களை வாசலில் நிற்கிறேன். இரண்டு பதில்களும் என்னிடம் இருக்கின்றன. ஆசிரியர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், எடுக்கவில்லை. அம்மா பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டு குழாயை மூடிவிட்டாள்.

"அக்கா, விடுவிக்கலாமா?"

அக்கா தலையாட்டினாள். "வாயால சொல்லணும்" என்றேன்.

"விடுவிக்கலாம்."

"வக்கீல் சார்?"

"விடுவிக்கலாம்ங்க."

எழுதுகிறவள், விடுவிக்கலாம். இனி ஒரே ஒரு தரப்புதான் பாக்கி. தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தபோதும் கூட இருந்தீர்கள், பிஸ்கட்டுக்குச் சிரித்தீர்கள், முடிவு ஆ வந்தபோது முகம் சுளித்தீர்கள். நீங்கள் இல்லாமல் இது செல்லாது.

அக்கா நகத்தைக் கடிக்கிறாள். உங்கள் உதடு அசைகிறது. என்னவோ சொல்கிறீர்கள், அப்போதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுகூடத் தோன்றுகிறது.

சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்.