கோளாறு யார் காலில்

எங்கள் காருக்குப் பதினெட்டு வயது. எனக்கு அறுபத்தொன்று. இரண்டில் எதற்குத் தள்ளாமை வந்துவிட்டது என்பதுதான் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் வழக்கு.

விஷயம் இதுதான். மாட வீதிகளில் ஊர்ந்து போகும்வரை வண்டியை ஒரு குறை சொல்ல முடியாது. அடையாறு பாலம் ஏற ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மட்டும் ஒரு கனைப்பு கனைத்துவிட்டு அப்படியே யோசிக்க ஆரம்பிக்கும். அழுத்த அழுத்தத் திணறும். காலை எடுத்தால் மூச்சு வந்துவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி திணறல். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் வந்து, ஓட்டுவது யார் என்று எட்டிப் பார்த்து, பெண் என்று தெரிந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகவே நாலு பேரை அடிக்கலாம்.

நான் வைதேகி. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற கையோடு, ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதுவரை இடது பக்க சீட்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு, அவர் போகும் இடத்துக்குப் போய் அவர் கிளம்பும்போது கிளம்பினவள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் நானே ஓட்டிக்கொண்டு வேளச்சேரிக்குப் போகிறேன். அங்கே ஆறு பெண்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு. திரும்பி வரும்போது தோன்றினால் பெசன்ட் நகர் பக்கம் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்தபடி ஒரு காபி. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கிழட்டுக் கார் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

என் கணவர் கஸ்தூரிரங்கனுக்கு டிராஃபிக் அலுத்துவிட்டது. அவர் இப்போது வண்டியைத் தொடுவது மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோக மட்டும்தான். அதற்கு மட்டும் என்னை விடமாட்டார். "அங்க உனக்கென்ன வேலை? கரியும் எண்ணெயுமா இருக்கும்" என்பார். கிளம்பப் பத்து நிமிஷம் முன்னாலேயே "வண்டியத் துடைச்சுட்டு வரேன்" என்று கீழே இறங்கிவிடுவார். போய் வந்த பிறகும் ஒரு துடைப்பு. வண்டிமேல் என்ன பாசம் என்று நான்கூட நினைத்துக்கொண்டேன்.

மந்தைவெளியில் செம்பியன் என்று ஒருவர் ஷெட் வைத்திருக்கிறார். கைராசிக்காரர். முதல் தடவை பிளக்குகளை மாற்றினார். அடுத்த தடவை பெட்ரோல் ஃபில்டர். மூன்றாவது தடவை இன்ஜினில் பாதியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அவரே ஓட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். என் கணவரும் ராஜா மாதிரி திரும்பி வருவார். மறுநாள் நான் எடுப்பேன். பாலத்தடியில் அது கனைக்கும்.

"எனக்கு ஓடறது, செம்பியனுக்கு ஓடறது. உனக்கு மட்டும் திணறறதுன்னா கோளாறு எங்க இருக்கு? உன் கால்ல இருக்கு" என்றார் இவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பரிதாபமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது தடவை நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "சரி, நீயே ஓட்டு" என்றார். கீழே போய்த் துடைத்துவிட்டு வந்தார். செம்பியனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். ஏறாதே, கொஞ்சம் மக்கர் பண்ணேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே அழுத்தினேன். பாழாய்ப்போன வண்டி, புதுப் பெண் மாதிரி சமர்த்தாக ஏறி இறங்கியது.

"இன்னா மேடம், வண்டி சூப்பரா கீது! இத்தப் போயி ரிப்பேர்னு சொல்லிக்கினு..." என்று சிரித்தார் செம்பியன்.

"கூட ஆள் இருந்தா நன்னாத்தான் ஓட்டற. தனியாப் போறச்சே உனக்குப் பயம் வந்துடறது" என்று இவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் தனியாகப் போகும்போது என் வலது காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நடுங்குகிறதா, அரைகுறையாக அழுத்துகிறேனா என்று. வண்டி திணறியது. என் கால்தானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

வியாழக்கிழமை இவர் அறிவித்தார். "சனிக்கிழமை ஒருத்தர் வந்து வண்டியப் பார்க்கறார். குடுத்துடலாம். எங்கயாவது நடு ரோட்ல நின்னு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? வேளச்சேரிக்கு ரயில் இருக்கு." நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அங்கேயே நின்று பேசினால் தட்டு பறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசியாக எடுத்தேன். மெட்ரோ வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்பை ஒட்டி ஒரே வரிசையாக வண்டிகள். பாலம் ஏறும் இடத்தில் அழுத்தினேன். கனைத்தது, குலுங்கியது, அணைந்தே போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹாரன் அடித்தவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி கண்ணாடிக்குள்ளேயே திட்டினேன். இரண்டு பேர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போன் செய்ய மனசில்லை. செம்பியனை அழைத்தேன். கால் மணியில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இன்னா மேடம் இது?"

பேட்டரிக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் ஒரு துணிப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. செம்பியன் மோந்து பார்த்தார்.

"பொயில! இந்தப் பொட்டலம் ஏது? மூணு வாட்டி பானெட்டத் தொறந்துகீறேன், ஒரு வாட்டிகூட இது இல்லியே."

பொட்டலத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவருடைய மயில்கண் கரை போட்ட வேஷ்டித் துணி. கிழிந்துபோனதும் நானே துண்டு துண்டாக வெட்டித் துடைக்க வைத்தது.

"எலி ஒயரக் கடிக்காம இருக்க நெறைய பேரு பொயில கட்டுவாங்கோ. தப்பில்ல. ஆனா கட்டிகீற எடத்தப் பாரு. இதோ, இன்ஜினுக்குக் காத்து போற பைப்பு. இது வாயிக்கு நேரா தொங்குது. நீ வா, ஆக்ஸிலேட்டர மெதுவா குடு... இப்ப ஜாஸ்தி குடு!"

நான் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து அழுத்தினேன். "ஆ, ஆ, பாரு!" என்று கத்தினார். இறங்கி வந்து பார்த்தேன். அவரே கேபிளை இழுத்துக் காட்டினார். இன்ஜின் காற்றைப் பலமாக இழுத்ததும் பொட்டலம் தாவிப் போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டது. இன்ஜின் மூச்சு முட்டித் திணறியது. கேபிளை விட்டதும் பொட்டலம் நழுவித் தன் இடத்தில் தொங்கியது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

முப்பத்திரண்டு வருஷம் குழந்தைகளுக்குச் சொன்னேன், கொடுக்கப்பட்டவை என்னென்ன என்று முதலில் எழுதுங்கள் என்று. எனக்குக் கொடுக்கப்பட்டதில் அந்தத் துடைப்பு இருந்தது. நான் எழுதிக்கொள்ளவில்லை. வாசலில் வெங்காய வண்டி நின்றாலே முகம் சுளிக்கிற மனிதர், புகையிலையை மெக்கானிக் பார்த்துவிடப்போகிறாரே என்று ஒவ்வொரு தடவையும் முன்னால் போய் அவிழ்த்துவைத்திருக்கிறார். வந்ததும் மறுபடி கட்டியிருக்கிறார்.

செம்பியன் அவிழ்க்கப் போனார்.

"இருக்கட்டும். இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மாமா காலி" என்று சொல்லிவிட்டு பானெட்டை மூடினார்.

பெண்களிடம் இன்று வகுப்பு இல்லை என்று போனில் சொல்லிவிட்டுக் காலை அதிகம் அழுத்தாமல் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, நீங்க சொன்னதுதான் சரி. என் கால்தான். விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எப்படி ஓட்டறதுன்னு காமிச்சுடுங்கோ. அடையாறு வரைக்கும்."

முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன, வா. நான் போய் வண்டியத் துடைச்சுட்டு..."

"துடைச்சாச்சு. வாங்கோ."

ஒரு நிமிஷம் தயங்கினார். கடைக்கா போகிறோம், பானெட்டை யார் திறக்கப்போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டிருப்பார். சாவியை வாங்கிக்கொண்டார்.

வழி நெடுகப் பாடம். "கால் பயப்படப்படாது, வைதேகி. பெடல் நாம சொல்றதக் கேக்கணும். அதுதான் ரகசியம்." நான் உம் கொட்டினேன். பாலம் வந்தது. அழுத்தினார்.

கனைத்தது.

மறுபடி அழுத்தினார். குலுங்கியது. நாமத்தின் மேல் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. பின்னால் பஸ். ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தது. "யோவ் பெருசு, ஓட்டத் தெர்லன்னா வூட்ல குந்திக்கினு இரேன்யா!"

"வண்டியிலதான் என்னமோ இருக்கு" என்றார் இவர்.

"இருக்காதே. செம்பியனுக்கு ஓடறது. உங்க கால்லதான் கோளாறு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டினோம். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய் பானெட்டை நானே தூக்கினேன். அவர் பதறிக்கொண்டு ஓடி வந்து, போகிறவர் வருகிறவர் பார்க்காதபடி பொட்டலத்தை அங்கவஸ்திரத்தால் மூடினார்.

"எலி வரதுன்னு பக்கத்து ஃபிளாட் அச்யுத் சொன்னான். அதான். சைதாப்பேட்டை வரைக்கும் போய் வாங்கிண்டு வந்தேன். யாராவது பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைச்சுப்பா?"

"அது இதோ, இந்தக் குழாய்ல போய் அடைச்சுக்கறது. அழுத்தும்போதெல்லாம்." கையால் செய்து காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. படித்த மனிதர்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"எனக்குத் தெரியாது, வைதேகி. சத்தியமாத் தெரியாது."

"பொயிலையப் பார்த்து ஊர்ல நாலு பேர் உங்களத் தப்பா நினைச்சுடுவான்னு அவ்வளவு பயம். மூணு மாசமா நீங்க என்னைப் பத்தி என்ன நினைச்சேள்?"

நான் கையை நீட்டினேன். சாவியை வைத்தார். கயிற்றை அவிழ்த்தார். ஆனால் பொட்டலத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ரோட்டில் போட மனசில்லை, கையில் பிடிக்கவும் கூச்சம். கடைசியில் அதையும் எடுத்துக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் மடி, ஆசாரம் என்று பேசின மனிதரின் மடியில் புகையிலை.

"நாளைக்கு வரவருக்குப் போன் பண்ணுங்கோ. வேண்டாம்னு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தார். நான் வண்டியைத் திருப்பி, பாலத்தடியில் இரண்டாவது கியரில் காலை நன்றாக அழுத்தினேன். ஏறியது.