டாக்டரம்மாவின் சாட்சி

பல் டாக்டருக்கு அழைப்பு வந்தது ஒரு வேர் சிகிச்சையின் நடுவில். அப்போது அறையில் இருந்த ஒரே சாட்சி நாற்காலியில் படுத்திருந்தவர்தான். அவர் வாய் முழுக்கப் பஞ்சு. ஆமென் சொல்லவும் வழியில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போகிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பல் பார்க்க ஆளில்லை என்று சபையில் அறிவித்திருந்தார்கள். அந்த அறிவிப்பு டாக்டர் காதிலேயே கிடந்து, அன்றைக்குத் திடீரென்று ஆண்டவருடைய குரலாகக் கேட்டதாம். அவரே சொன்னது. தெரு முழுக்கச் சொன்னார்.

மாடி வீடு, குளுகுளு கிளினிக், பொத்தானை அமுக்கினால் படுத்து எழும்புகிற நாற்காலி, வாசலில் கார். இதையெல்லாம் விட்டுவிட்டா என்று தெருவே மூக்கின் மேல் விரல் வைத்தது. வாய்க்குள்தான் டாக்டர் ஏற்கெனவே விரல் விட்டுப் பார்த்திருந்தாரே.

அவர் மனைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்து, பயந்து எழுந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பேச்சுக் கொடுத்தே உட்கார வைக்கிறவள். அதற்கே அந்தப் பட்டம் தகும்.

சிக்கல் அவளிடம்தான் இருந்தது. மிஷன் வேலைக்குத் தம்பதியாகப் போகிறவர்கள் இரண்டு பேரும் சபை முன்னால் எழுந்து, தங்களுக்கு அழைப்பு எப்படி வந்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டால் இன்னொருவரையும் அனுப்ப மாட்டோம் என்பது மிஷன் சங்கத்தின் விதி. டாக்டரம்மாவுக்கோ அழைப்பு எதுவும் வரவில்லை. பொய் சொன்னால் அது ஆலயத்தில் வைத்துச் சொன்ன பொய். உண்மையைச் சொன்னால் புருஷன் பயணத்தில் மண். காத்திருந்து பார்த்தாள். கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்தால், துணி துவைத்து முடித்த மெஷின்தான் கூப்பிட்டது.

பக்கத்து வீட்டுப் பாட்டுக்குழு அக்கா, சர்க்கரை இரவல் வாங்குகிற சாக்கில் வந்து உதவப் பார்த்தாள்.

"ஒரு சொப்பனம் கண்டேன்னு சொல்லிடேன். உள்ள புகுந்து யாரு பாக்கப் போறா?"

"எனக்குச் சொப்பனத்துல வர்றதெல்லாம் கதவைப் பூட்டினேனா இல்லையாங்கிறதுதான், அக்கா."

"அதையே சொல்லு. திறந்த வாசல்னு போதகர் அர்த்தம் சொல்லிக்குவாரு."

"நீங்க சர்க்கரையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

டாக்டர் இது ஒன்றும் அறியாமல் கஷ்டப்படப் பழகிக்கொண்டிருந்தார். ஏசியை நிறுத்திவிட்டுத் தரையில் படுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதும் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தார். பொத்தான் நாற்காலி அங்கே கிடையாது என்பதால், சாப்பாட்டு மேஜை நாற்காலியைக் கொல்லைப்புற வெயிலில் போட்டு, கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்த மச்சானை, அதாவது டாக்டரம்மாவின் அண்ணனை, பிடித்து உட்கார வைத்தார். சாய இடமில்லாத தலை பூசணிக்காய் மாதிரி உருண்டது. குறடு எங்கெங்கோ பட்டது.

"மாப்பிள்ளை," என்றார் அண்ணன், வாயை விடுவித்துக்கொண்டு, "அந்த ஊருக்காரங்க உங்களுக்கு அப்படி என்ன துரோகம் பண்ணினாங்க?"

டாக்டரம்மா வந்து அண்ணன் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். பல் வந்தது. நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், புருஷன் பிடுங்கிய பல்லைக் குறடோடு பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். கிளினிக்கில் அவர் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

"பயமா இருக்கா?"

"இருக்கு," என்றார். "போகணும்னும் இருக்கு."

அடுத்து ஒரு வார்த்தை வரும் என்று நின்றாள். அவர் குறடைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் டாக்டர் தன் சாட்சியை வேர் சிகிச்சையிலிருந்து தொடங்கி விலாவாரியாகச் சொல்லி உட்கார்ந்தார். மிஷன் சங்கச் செயலாளர் முன்வரிசையில் தலையாட்டினார். டாக்டரம்மா எழுந்தாள்.

"எனக்கு அழைப்பு வரலைங்க. வரும் வரும்னு பாத்தேன். எனக்கு என் வீடு பிடிக்கும், குழாயில வர்ற வெந்நீர் பிடிக்கும். இவரு தனியா அங்க போய் நிக்கிறத நெனைச்சா எனக்குப் பொறுக்கல, அதுவும் உண்மைதான். ஆனா என் மூஞ்சியப் பாத்து நீ வர்றியான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. இவரும் கேக்கல."

சபை மொத்தமும் டாக்டர் பக்கம் திரும்பியது.

"ஆண்டவர் உன்கிட்ட பேசிக்கிட்டிருப்பாரு, நடுவுல நான் புகுந்து கெடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்," என்றார் அவர், நிஜமாகவே.

"அவரு பேசல. நீங்களாவது பேசியிருக்கலாம்."

பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டாக்டர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "சரி, இப்ப கேக்கிறேன். நீ என்கூட..."

"உக்காருங்க. இத்தனை பேர் முன்னால கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? வீட்டுல வந்து கேளுங்க."

செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர் பல வருஷம் குடித்தனம் நடத்தியவர். அடுத்த வாரம் வரைக்கும் பொறுப்போம் என்று சொல்லிப் பாட்டு எண்ணை அறிவித்துவிட்டார்.

அன்று மத்தியானம் பாட்டுக்குழு அக்கா தன் ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். செடிகள் நீச்சல் பழகுகிற அளவுக்கு ஊற்றினாள். மீதிக் கதை தெருவுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

டாக்டரம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் அடுக்களை வாசலில் வந்து நின்றார், பல்லைக் காட்ட முதல் தடவை வந்தவர் மாதிரி.

"அங்க வெந்நீர் கிடையாது," என்றார்.

"தெரியும்."

"திரும்பி வர்றப்ப இந்த வீடு, கிளினிக் எதுவும் நமக்குன்னு இருக்காது."

"ம்."

"நீ மாட்டேன்னா நானும் போகல. அதை வச்சு உன்னைக் குத்திக் காட்டவும் மாட்டேன்."

"காட்டுவீங்க."

"கொஞ்சம் காட்டுவேன்," என்று ஒப்புக்கொண்டார். பிறகு, வந்த விஷயத்துக்கு வந்தார். "வர்றியா?"

அவள் ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தட்டுத் துடைத்தறியாத கை. பீங்கான் வழுக்கி விழுந்து அடுக்களை முழுக்கச் சிதறியது. சத்தம் கேட்ட அக்கா, பேச்சு முறிந்தது என்றே முடிவு கட்டி, இதை முதலில் யாரிடம் சொல்லலாம் என்று குவளையைக் கீழே வைத்தாள்.

"விடுங்க, காலை வச்சிடாதீங்க," என்றாள் டாக்டரம்மா, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு. "அங்க போறப்ப எவர்சில்வராவே எடுத்துக்குவோம்."