இருநூற்று இருபத்தைந்தில் நின்ற முள்

அடுப்பின் கீழே காற்று நுழையும் துவாரத்தை இன்னும் ஒரு விரல் அளவு மூடிவிட்டு ஒடெஸா நிமிர்ந்து பார்த்தாள். மூடியில் பதித்திருந்த வெப்பமானியின் முள் கறிக்கு வேண்டிய இருநூற்று இருபத்தைந்து டிகிரியிலேயே நின்றது. சற்று முன் அகலத் திறந்தபோதும் அதே இருநூற்று இருபத்தைந்து. அப்பாவின் புகையடுப்பு என்றால் சும்மாவா என்று முதலில் பூரித்துப்போனவளுக்கு இப்போது சந்தேகம் தட்டியது. நகத்தால் முள்ளைத் தட்டினாள். அசையவே இல்லை.

மெம்ஃபிஸில் அந்தத் தெருவில் எந்தச் சாவு என்றாலும், அடக்கம் முடிந்து சர்ச்சில் போடுகிற சாப்பாட்டுக்குப் பன்றி விலா அவள் அப்பா ஹாஸ்கல் கையால்தான். செவ்வாய்க்கிழமை அந்த ஹாஸ்கலே மூச்சுத் திணறிப் போய்விட்டார். கடையில் சொல்லிவிடலாம் என்றார்கள் சர்ச் பெண்கள். "எங்கப்பா சாவுக்குக் கடைக் கறியா?" என்று எகிறிவிட்டாள் செயின்ட் லூயிஸில் பஸ் ஓட்டுகிற மகள் ஒடெஸா. அதுவரை அவள் அந்த அடுப்பைத் தொட்டதில்லை. அவர் தொட விட்டதுமில்லை. மதியம் ஒரு மணிக்குள் எட்டு வரிசை விலா பதமாக இறங்க வேண்டும். கரிந்தால் இன்று ஊர் வாயில் விழப்போவது அப்பாவின் பெயர்.

ஐஸ் பெட்டி கொண்டுவந்த சர்ச் டீக்கன் ப்ரூயிட் நேராக அடுப்பிடம்தான் போனார்.

"இருநூத்தி இருபத்தஞ்சு! நூல் புடிச்ச மாதிரி! அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்க, தாயி." கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஒடெஸா சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே அம்மா கோரா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முள்ளு கெட்டுப் போச்சு!"

"அது கெட்டு பதினோரு வருஷம் ஆச்சுடி."

"என்னம்மா சொல்ற? அதப் பாத்துத்தான எல்லாரும் அப்பாவ மெச்சுனாங்க?"

"நானும் கேட்டேன், புதுசு ஒண்ணு வாங்கி மாட்டினா என்னன்னு. 'அது எனக்கில்ல கோரா, பாக்க வர்றவங்களுக்கு'ன்னாரு. கள்ளன்."

ஒடெஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதினோரு வருடம்! ஒரு வரிசைகூடக் கரிந்ததாக யாரும் சொன்னதில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன்!

"அப்ப எதப் பாத்து செஞ்சாரு?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாத்திரந்தான் விளக்குவேன்." கோரா தட்டை அலசினாள். "பொக வெள்ளையா வந்தா திட்டிக்கிட்டே குனிவாரு. இருக்கா இல்லையான்னு தெரியாம நீலமா வந்தா சீட்டியடிப்பாரு." கை நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். "இப்ப வெள்ளை. கரிய மூச்சு முட்ட வச்சிருக்கடி."

'மூச்சு' என்று சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு, அலசிய தட்டையே மறுபடி அலசினாள்.

"கீழ தொற. ரொம்ப இல்லடி! போதும். இனி கால் மணி நேரம் கைய வச்சுக்கிட்டு சும்மா இரு. நிமிஷத்துக்கு நிமிஷம் நோண்டுனா எந்த அடுப்புதான் நிக்கும்?"

காலை முழுக்க அப்படியே போனது. அம்மா ஜன்னலிலிருந்து நிறத்தைச் சொன்னாள், மகள் குனிந்தாள். பத்து மணிக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. புகைபோக்கிக்கு மேலே காற்று லேசாக நெளிந்தது, அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு இடுக்கியில் தூக்கியதும் விலா வளைந்து, மேல்தோல் பதமாக வெடித்தது. கோரா ஒரு துண்டைப் பிய்த்தாள். எலும்பு வெள்ளையாக நின்றது. மெல்ல மென்றாள்.

"அவரோடது மாதிரி இல்ல," என்றாள். இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டாள். ஒடெஸாவுக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது.

விலாக்களைச் சூடு ஆறாமல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். கருப்பு உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. அடுப்பில் பாதிக் கரி இன்னும் கனன்றது. மேலும் கீழும் மூடினால் மூச்சு முட்டித் தீ அடங்கிவிடும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான். ஒடெஸா கீழ்த் துவாரத்தை மூடினாள். புகைபோக்கி மூடியில் கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

கோரா அவளைப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, கீழ்த் துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"கரி வீணாப் போகும்மா."

"போகட்டும்," என்று மகளின் கையைப் பிடித்து எழுந்தாள்.